நாற்பது மில்லிமீட்டர் ஃபேனும் அப்பாவின் அரமும்

சிங்கப்பூரில், ஈசூனில் எங்களுடையது நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. என் கணினி மேசை அப்பா படுக்கும் அறையில் இருக்கிறது. வேறு இடம் இல்லை. இரவு பதினொரு மணிக்கு மேல் நான் வேலை பார்க்க உட்கார்ந்தால், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைக்குள் இருக்கும் 40 மி.மீ. ஃபேன் காதோரம் கொசு சுற்றுவதுபோல ரீங்காரமிடும். அப்பா ஒரு வார்த்தை சொல்லமாட்டார். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வார். நம் ஊர்ப் புழுக்கத்தில் எழுபது வயது மனிதர் அப்படி முக்காடு போட்டுப் படுப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? அந்த ஃபேனை ஒழித்துவிடுவது என்று முடிவுசெய்தேன்.

என்னிடம் இருந்தது ஃபிளெக்ஸ் ஏடிஎக்ஸ் என்ற ஒல்லியான வகைப் பவர் சப்ளை. 150 மி.மீ. நீளம், 81.5 அகலம், 40.5 உயரம். அரை லிட்டர் கொள்ளளவுகூட இல்லாத பெட்டி. உயரமே நாற்பதுதான் என்பதால் அதற்குள் 40 மி.மீ. ஃபேனைத் தவிர வேறு எதுவும் நுழையாது. சின்ன இறக்கை அதே அளவு காற்றைத் தள்ள வேண்டுமானால் பல மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். அந்த வேகம்தான் கீச்சென்ற சத்தமாகக் கேட்கிறது. ஃபேனை மாற்றிப் பயனில்லை, பெட்டியையே மாற்ற வேண்டும்.

அதைவிட உயரமான எஸ்எஃப்எக்ஸ் வகை ஒன்று வாங்கியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதை மேசைப் பலகைக்கு அடியில் தொங்கவிட நினைத்தேன். பலகைக்கும் இழுத்து மூடும் கீபோர்டு தட்டுக்கும் நடுவே 80 மி.மீ. இருக்கிறது. எஸ்எஃப்எக்ஸின் உயரம் 63.5, ஃபேன் மூச்சுவிட மிஞ்சுவது பதினாறு. 92 மி.மீ. அகலமும் 14 மி.மீ. கனமும் உள்ள நாக்டுவா நிறுவன ஃபேனைக் கீழ்நோக்கி வைத்து நானே பெட்டி செய்தால் 56க்குள் முடித்துவிடலாம். கீழே இருபத்து நான்கு மிஞ்சும். இந்தக் கணக்கைத் துண்டுத்தாளில் போட்டுப் பார்த்த அன்றே தொடங்கிவிட்டேன்.

திறப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் ஏசி. பவர் சப்ளைக்குள் போனதும் அது நேர்மின்னோட்டமாகி (டிசி), 380 முதல் 400 வோல்ட் வரை ஏறி, பெரிய கபாசிட்டரில் தேங்கி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது அங்கேயே இருக்கலாம். நான் பிளக்கை எடுத்துவிட்டு ஒரு இரவு முழுக்கச் சும்மா விட்டேன். மறுநாள் மல்டிமீட்டரை 1000 வோல்ட் டிசியில் வைத்து அந்தக் கபாசிட்டரின் இரண்டு கால்களிலும் அளந்து, 2 வோல்ட் என்று பார்த்த பிறகுதான் போர்டில் கை வைத்தேன். எந்த இரண்டு கால்களில் அளப்பது என்று தெரியாதவர்கள் தயவுசெய்து மூடியைக் கழற்ற வேண்டாம். வாங்கிய பெட்டியை அப்படியே வைத்து வெளியே ஓர் அழகான கூடு கட்டிக்கொள்ளலாம், அதுவும் நல்ல வேலைதான்.

அலுவலகத் தம்பி ஒருவன் 3டி பிரிண்ட் செய்து தருவதாகச் சொன்னான். அவனுடைய அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு மறுத்துவிட்டேன். அதற்குப் பயன்படும் பிளாஸ்டிக்குகளில் பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். பிஇடிஜி 80 வரை தாங்கும். அதைவிடப் பெரிய காரணம் எர்த். இந்த மாதிரி பவர் சப்ளைகள் எர்த் செய்த உலோக உறைக்குள் இருக்கும் என்று நம்பித்தான் வடிவமைக்கப்படுகின்றன. உள்ளே ஒரு லைவ் வயர் அறுந்து விழுந்தால் அது உலோகத்தைத் தொட வேண்டும், மின்சாரம் எர்த் வழியாகப் பாய வேண்டும், பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் போக வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியில் அந்த வயர் எங்கே போய் விழும், யார் கை அதைத் தொடும் என்று யாருக்கும் தெரியாது. மின்காந்த இரைச்சலைத் தடுப்பதும் உலோகம்தான்.

அப்பா செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருடம் தகட்டு வேலை பார்த்தவர். அவரிடம் முதலில் நான் சொல்லவில்லை. வெட்டுத் துண்டுகள் விற்கும் ஒரு கடையில் 1.2 மி.மீ. அலுமினியத் தகடு வாங்கிவந்து, இரண்டு இரும்புக் கோணங்களுக்கு நடுவே ஜி கிளாம்ப் போட்டு இறுக்கி, மரச் சுத்தியலால் தட்டினேன். மடிப்பின் வெளிப்பக்கம் முழுக்கக் கோடு விட்டு வெடித்தது. சத்தம் கேட்டு வந்தவர் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது வளைக்கிற தகடு இல்லப்பா. கடையில நம்பர் கேட்டியா?"

கேட்கவில்லை. அது 6061 என்ற அலுமினியக் கலவை, டி6 பதம். கெட்டியானது, இழைக்கவும் துளைக்கவும் அருமையானது, கூராக மடித்தால் முறியும். மடிக்க 5052 வேண்டும். இதை அவர் எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை 5052 வாங்கிவந்தோம், இருவருமாக. என் படத்தில் 'ப' வடிவத் தகட்டின் வெளி அளவு 56, 100, 56. கூட்டினால் 212, நான் 212 மி.மீ. என்று கோடு போட்டேன். அப்பா கோடு கீறும் ஸ்கிரைபரை வாங்கி அதை அழுத்தி அடித்துவிட்டு 208 என்று புதுக்கோடு இழுத்தார். "ஒரு மடிப்புக்கு ரெண்டு மில்லி கழி. வளைவுல தகடு நீளும்." பிறகு நான் சூத்திரம் போட்டுப் பார்த்தேன். 1.2 தகட்டை அதே அளவு உள்வளைவில் மடித்தால் கழிக்க வேண்டியது ஒரு மடிப்புக்கு 2.1 மி.மீ. அவர் கையில் இருந்த கணக்கு அது.

ஒன்றுக்குள் ஒன்று குறுக்காகப் பொருந்தும் இரண்டு 'ப'. மேல் தகட்டில் போர்டு தலைகீழாகத் தொங்கும். இரண்டு முனைகளும் கீழே மடிந்து ஒன்றில் மின்வயர் செருகும் சி14 சாக்கெட், மற்றதில் கேபிள் வெளியேறும் துளை. கீழ்த் தகட்டில் ஃபேன். சி14இன் திருகுத் துளைகளுக்கு இடையே சரியாக 40 மி.மீ. வர வேண்டும். நடுவில் இருக்கும் செவ்வகத்தை வட்டத் துளைகளாகப் போட்டு உடைத்தெடுத்து, மிச்சத்தை அரத்தால் ராவி முடித்தோம். அந்த அரம் அப்பா சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் வாங்கியது. 2017 ஜூலை 10ஆம் தேதி அந்தச் சந்தையை மூடினார்கள். அன்று கடைசியாகப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர் வெறுங்கையோடு திரும்பியது நினைவிருக்கிறது. பிடி மாற்றி மாற்றி இன்னும் அதே அரம்தான். துளைகளின் விளிம்பில் ஒரு பிசிர்கூட இல்லாதவரை அவர் விடவில்லை. வயர் உரசும் இடத்தில் பிசிர் இருந்தால் என்ன ஆகும் என்று கப்பலில் பார்த்திருக்கிறாராம்.

போர்டின் அடியில் சாலிடர் முனைகள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். பழைய பெட்டியில் அவற்றுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்தது. அதைத் தூக்கிப் போடாமல், அதைவிட எல்லாப் பக்கமும் பத்து மில்லி பெரிதாக பாலிப்ரொப்பிலீன் தாள் வெட்டிப் போட்டேன். போர்டைத் தகட்டிலிருந்து தள்ளி நிறுத்தும் தாங்கிகள் 6 மி.மீ. பித்தளை. நைலான் தாங்கி போட்டால் இன்னும் பத்திரம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் போர்டின் திருகுத் துளைகளைச் சுற்றி செம்பு வளையம் இருப்பதைக் கவனியுங்கள். இரைச்சல் வடிகட்டும் கபாசிட்டர்கள் அந்த வளையம் வழியாகத்தான் உறையோடு சேர்கின்றன. அங்கே உலோகம் இருந்தே ஆக வேண்டும்.

முதல் சோதனையில் 200 வாட் சுமை கொடுத்தேன். 90 விழுக்காடு திறன் என்று வைத்தால் உள்ளே வெப்பமாகத் தங்குவது 22 வாட். காற்றின் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் ஏறாமல் அதை வெளியேற்ற மணிக்கு ஏழு கன மீட்டர் காற்று போதும், இந்த ஃபேனுக்கு அது சிரமமே இல்லை. வெளியே வந்த காற்று குளுகுளுவென்றிருந்தது. ஆனால் ஐந்து நிமிடத்தில் ஃபேன் முழு வேகத்துக்குப் போய்விட்டது. நான் நிறையக் குழம்பினேன். ஃபேன் வேகத்தை முடிவுசெய்யும் வெப்ப உணரி, கேபிள் முனைப் பக்கம் இருக்கும் வெப்பத் தகட்டில் ஒட்டியிருக்கிறது. நான் காற்று வெளியேறும் துளைகளை ஃபேனுக்குப் பக்கத்திலேயே இரு புறமும் போட்டிருந்தேன். உள்ளே வந்த காற்று வந்த வழிக்குப் பக்கத்து வாசலிலேயே வெளியேறிவிட்டது. சூடான முனைக்கு அது போகவே இல்லை. பெரிய ஏடிஎக்ஸ் பவர் சப்ளைகளைத் திறந்தவர்கள் ஃபேனின் ஒரு பாதியை மூடியபடி ஒரு கண்ணாடித் தாள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த வேலைக்காகத்தான் இருக்கிறது. பக்கத் துளைகளை உள்ளிருந்து தகடு வைத்து அடைத்து, கேபிள் முனையில் புதிதாகத் துளை போட்டேன். அதே சுமையில் ஃபேன் இப்போது 5 வோல்ட்டுக்கும் கீழே மெல்லச் சுற்றுகிறது. இரவில் காதை வைத்தால்தான் கேட்கும். வெப்பத் தகடுகளைத் தொட்டுப் பார்த்து மட்டும் சோதிக்க வேண்டாம். சில போர்டுகளில் அவையே உயர் மின்னழுத்தத்தில் நிற்கும்.

அழகுக்காகக் கறுப்பு அனோடைஸ் செய்துகொள்ள ஆசைப்பட்டேன். தெரிந்த பட்டறையில் அவர்கள் வேலையோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். திரும்பப் பூட்டும்போது போர்டின் நான்கு துளைகளும் அரை மில்லி தள்ளியிருக்கவே, அவற்றை மட்டும் மறுபடி துளைத்தேன். எர்த் வயரைப் பழைய துளையிலேயே போல்ட் போட்டு முடுக்கினேன். நன்றாக இறுகியது. கணினியை இன்னும் இணைக்காமல், பெட்டியை மட்டும் மேசைமேல் வைத்து பிளக்கைச் செருகினேன்.

அப்பா வெறுங்காலோடு வந்து புறங்கையால் பெட்டியின் விளிம்பைத் தடவினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சுருக்குங்குது."

நான் தொட்டபோது உள்ளங்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையைச் சுவர் சாக்கெட்டின் எர்த்திலும் வைத்தேன். 97 வோல்ட். அன்று எனக்கு வயிற்றைப் புரட்டியது.

அனோடைஸ் என்பது அலுமினியத்தின் மேல் வளர்க்கப்படும் ஆக்சைடு. அது மின்சாரத்தைக் கடத்தாது. என் எர்த் வயர் அந்தக் கறுப்புத் தோலின்மேல் அழகாக உட்கார்ந்திருந்தது, பெட்டியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. புதிதாகத் துளைத்த நான்கு இடங்களில் மட்டும் வெறும் அலுமினியம் தெரிந்ததால் போர்டு பெட்டியோடு சேர்ந்துவிட்டது. எர்த் இல்லாத நிலையில் அந்த வடிகட்டிக் கபாசிட்டர்கள் பெட்டியை 230க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே எங்கோ நிறுத்திவைத்தன. பாய்வது அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அதனால் உயிருக்கு ஆபத்தில்லை, சுருக்கென்பதோடு சரி. நம் வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறது. 2025 ஜூலை 1க்குள் எல்லா வீடுகளிலும் இருந்தாக வேண்டும் என்று விதியே உண்டு. அரை மில்லிக்கு அது அசையாது. அன்று உள்ளே லைவ் வயர் ஒன்று பெட்டியைத் தொட்டிருந்தால் எர்த் வழியாகப் போக வேண்டிய மின்சாரம் முதலில் அப்பாவின் கை வழியாகத்தான் போயிருக்கும். ஆர்சிசிபி அதற்குப் பிறகுதான் விழுந்திருக்கும்.

மறுநாள் சிம் லிம் டவருக்குப் போய் எம்4 போல்ட், பல்லுள்ள வாஷர், வயர் முனையில் மாட்டும், வெள்ளீயம் பூசிய வளைய லக்குகள், பச்சை மஞ்சள் வயர் எல்லாம் வாங்கினேன். வெறும் செம்பு லக்கை அலுமினியத்தின்மேல் முடுக்கினால் நம் ஊர் ஈரப்பதத்தில் நாளடைவில் அரித்துவிடும், அதனால்தான் பூச்சுள்ளது. போல்ட் உட்காரும் இடத்தில் கறுப்பை வெள்ளி தெரியும்வரை அப்பா அரத்தால் ராவினார். அந்த போல்ட்டில் எர்த்தைத் தவிர வேறு எதையும் மாட்டவில்லை. கீழ்த் தகட்டுக்கும் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்தேன். அனோடைஸ் செய்த இரண்டு தகடுகளைத் திருகால் சேர்த்துவிட்டால் மின்தொடர்பு வந்துவிடும் என்று நம்ப முடியாது என்பது இப்போது தெரியுமே. பிறகு பிளக்கின் எர்த் பின்னிலிருந்து பெட்டியின் ஒவ்வொரு திருகு வரையும் அளந்தேன். மீட்டர் வயரின் சொந்த மின்தடை 0.2 ஓமைக் கழித்தால் எல்லா இடத்திலும் 0.1க்கும் கீழே. பிளக்கில் இருந்த 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 5 போட்டேன். இந்தச் சுமைக்கு அதுவே தாராளம்.

மின்சாரம் கொடுத்து மறுபடி மீட்டரை வைத்தேன். பூஜ்யம். அப்பா பக்கத்தில் நின்று எண்ணைப் பார்த்துவிட்டு, அதன்பிறகும் புறங்கையால் ஒருமுறை தடவினார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தடவினார்.

மூன்று மாதமாக மேசைக்கு அடியில் தொங்குகிறது. கேபிள் வெளியேறும் துளையில் நான் போட்ட ரப்பர் வளையம் கொஞ்சம் சின்னது, ஒரு பக்கம் பிதுங்குகிறது. பெரியது வாங்கிவைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு இரவு காத்திருந்து, திங்கள் விடுப்பில் மாற்ற வேண்டும்.