நிலமெடுப்பு நோட்டீஸ் வந்தால்: 300-ஏ எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

"தாத்தா காலத்து நஞ்சை, சொத்துரிமை எங்கள் அடிப்படை உரிமை." பைபாஸ் சாலைக்கு வயல் போகிற டெல்டாக்காரர்களின் ரிட் மனு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. முதல் வரியிலேயே சறுக்கல். சொத்துரிமை அரசியல் சாசனத்தின் 19(1)(எஃப்), 31 ஆகிய பிரிவுகளில் அடிப்படை உரிமையாக இருந்தது உண்மை. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் இரண்டையும் எடுத்துவிட்டு, 300-ஏ என்ற ஒற்றை வரியை வைத்தது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. 1979 ஜூன் 20 முதல் அது அமல். ஆகவே சொத்துரிமை போச்சு என்று 32-ஆவது பிரிவில் நேரே டெல்லிக்கு ஓட முடியாது. 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம்தான்.

அதற்காக அந்த ஒற்றை வரியை லேசாக நினைக்க வேண்டாம். கொல்கத்தா மாநகராட்சி எதிர் பிமல் குமார் ஷா வழக்கில் 2024 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் 300-ஏ-வுக்குள் ஏழு துணை உரிமைகளைப் பிரித்துக் காட்டியது: முன்னறிவிப்பு, ஆட்சேபணையைக் கேட்பது, காரணத்தோடு கூடிய உத்தரவு, பொதுநோக்கம், நியாயமான இழப்பீடு, காலதாமதமில்லாத நடவடிக்கை, எடுப்பதை முறைப்படி முடித்துவைப்பது. இந்த ஏழு உரிமைகளையும் மனுவில் அடுக்கினால் நீதிபதி அசர மாட்டார். உங்கள் கோப்பில் எது தவறியது, எந்தத் தேதியில், எந்தத் தாளில் என்பதைத்தான் கேட்பார்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தை எடுக்கப்போகிறோம் என்று சொல்லும் 3-ஏ அறிவிக்கை கெஜட்டில் வரும். அதன் சாரம் இரண்டு நாளிதழ்களில் வரும், ஒன்று வட்டார மொழியில். வீட்டுக்குத் தபால் வரும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். பொடி எழுத்து அட்டவணையில் கிராமம், சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, ஹெக்டேரில் பரப்பு, அவ்வளவுதான். 0.0840 என்று இருந்தால் 840 சதுர மீட்டர்; நம் கணக்கில் ஏறக்குறைய 63 குழி (நூறு குழி ஒரு மா), அதாவது முக்கால் மாவுக்குள். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல், "ஓரத்தில் கொஞ்சம்தான் போகிறது" என்று விட்டவர்கள் உண்டு.

ஆட்சேபணைக்கு 3-சி பிரிவு 21 நாள் தருகிறது. பேப்பர் கண்ணில் பட்ட நாளிலிருந்து எண்ணாமல், கெஜட் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம். சிறப்பு மாவட்ட வருவாய் அலுவலர் (நிலமெடுப்பு) அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாத ஆட்சேபணை கோர்ட்டைப் பொறுத்தவரை கொடுக்காத ஆட்சேபணைதான்.

என்ன எழுதுவது என்பதில்தான் விஷயம். "சாலையை வேறு பக்கம் கொண்டுபோங்கள்" என்பது கோர்ட்டில் நிற்காது. சாலை எந்த வழியாகப் போக வேண்டும் என்பது நிபுணர்களின் வேலை என்று 2011-இல் குஷலா ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை–சேலம் எட்டு வழிச் சாலையில் 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 3-ஏ அறிவிக்கைகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி 3-ஏ-வுக்கு முன்பே வாங்க வேண்டியதில்லை என்று கூறி 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. டெல்டாவில் பலர் நம்பியிருக்கும் 2020-ஆம் ஆண்டு வேளாண் மண்டலச் சட்டமும் சாலையைத் தடுக்காது.

நிற்பது வேறு. எஃப்.எம்.பி. (சர்வே எண்ணின் புல வரைபடம்) நகலில் சாலை போகும் கோட்டைச் சிவப்பு மையில் போட்டு, அது எந்தக் கன்னி வாய்க்காலை வெட்டுகிறது, எந்த மதகுக்குக் கீழே எத்தனை ஏக்கர் பாய்கிறது, ஐப்பசி மழைத் தண்ணீர் எந்த வடிகாலுக்கு இறங்குகிறது என்று எழுதுங்கள். வயலுக்கு வயல் தண்ணீர் தாண்டிப் போகிற இடத்தில் பத்தடி உயர மண்கரை போட்டால் மேல்பக்கம் மூழ்கும், கீழ்பக்கம் காயும். எந்த இடத்தில் பெட்டிப் பாலம் வேண்டும் என்று குறித்துக் கேளுங்கள். இதற்கு அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். வருகிற உத்தரவை பக்கத்து வயல்காரரின் உத்தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரும் சர்வே எண்ணும் மாத்திரம் மாறி மற்றதெல்லாம் ஒரே வாசகமாக இருந்தால், உங்கள் ரிட் மனுவின் முதல் காரணம் கிடைத்துவிட்டது: மனம் செலுத்தாத உத்தரவு. இரண்டையும் டைப்செட்டில் (மனுவோடு தாக்கல் செய்யும் ஆவணக் கட்டு) அடுத்தடுத்த பக்கமாக வையுங்கள்.

அடுத்து, நிலத்தை எடுப்பதை உறுதிசெய்யும் 3-டி பிரகடனம். அது வந்த நொடியில் நிலம் மத்திய அரசுக்குச் சேர்ந்துவிடும், பணம் வந்தாலும் வராவிட்டாலும். 3-ஏ-விலிருந்து ஓராண்டுக்குள் 3-டி வராவிட்டால் அறிவிக்கை காலாவதி. இதைக் கேள்விப்பட்டு, தடை வாங்கி ஓராண்டை ஓட்டிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கோர்ட் தடை இருந்த நாள்கள் அந்த ஓராண்டில் சேராது. ஆகவே 3-டி-க்கு முன்னால் போகிற மனுவுக்குத்தான் பலம். அதற்குப் பிறகு பெரும்பாலும் பேச்சு இழப்பீட்டைப் பற்றித்தான்.

எந்தக் கோர்ட் என்பதிலும் குழப்பம் வரும். தஞ்சாவூர் மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை சென்னைக்கு. கும்பகோணத்துக்காரர் மதுரை ஒத்தக்கடைக்குப் போக வேண்டும், குத்தாலத்துக்காரர் சென்னைப் பாரிமுனைக்கு. ஒரே சாலை, இரண்டு கோர்ட். டைப்செட்டில் கெஜட் நகல், நாளிதழ் பக்கம், முத்திரையிட்ட ஆட்சேபணை, அதன் மீதான உத்தரவு, பட்டா, சிட்டா, அடங்கல், எஃப்.எம்.பி. கட்டாயம். பட்டா இன்னும் இறந்துபோன பெரியவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு எல்லா வாரிசும் மனுதாரராக வேண்டும். ஒரு அத்தை விட்டுப்போனாலே எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

இழப்பீட்டில் கைகொடுப்பது 300-ஏ அல்ல, சமத்துவம் பேசும் 14-ஆவது பிரிவு. நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3-ஜே, மற்ற நிலமெடுப்பில் கிடைக்கும் ஆறுதல் தொகையையும் (கட்டாயமாக எடுப்பதற்காக நில மதிப்புக்கு மேல் தருவது) வட்டியையும் மறுத்தது. பள்ளிக்கூடத்துக்கு எடுத்தால் உண்டு, சாலைக்கு எடுத்தால் இல்லை என்பது என்ன நியாயம் என்று கேட்டு, 2019-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அளவுக்கு அதைச் செல்லாததாக்கியது. 1997-க்கும் 2015-க்கும் இடையில் எடுத்த நிலங்களுக்கு இது பொருந்தும். அதன் பிறகு எடுத்ததற்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டக் கணக்கு: சந்தை மதிப்பின் மேல் நூறு சதவீத ஆறுதல் தொகை, ஆண்டுக்கு 12 சதவீதக் கூடுதல். தொகை போதவில்லை என்றால் 3-ஜி(5)-இல் நடுவரிடம். இங்கே வழக்கமாகக் கலெக்டர். அங்கேயே, முந்தைய மூன்றாண்டுக் கிரயப் பத்திரங்களின் சான்றிட்ட நகலை ஒன்று விடாமல் தாக்கல் செய்துவிடுங்கள். மேலே மாவட்டக் கோர்ட்டுக்குப் போனால் புதுச் சான்றுக்கு இடம் குறைவு. அந்தக் கோர்ட் நடுவர் சொன்ன தொகையைத் தானே உயர்த்த முடியாது என்று 2021-இல் ஹக்கீம் வழக்கு (இதுவும் தமிழ்நாட்டுச் சாலைதான்) சொன்னது. 2025-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, வரையறைக்குட்பட்டுத் திருத்தலாம் என்று கொஞ்சம் வாசல் திறந்திருக்கிறது.

மாநில நெடுஞ்சாலை என்றால் 2001-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் கீழான நிலமெடுப்பைச் செல்லாது என்றது. சட்டமன்றம் உடனே புத்துயிர்ச் சட்டம் இயற்றி ஜனாதிபதி ஒப்புதல் வாங்கியது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2019 தீர்ப்பை மட்டும் காட்டி இன்னும் மனு எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள், பார்த்து.

கோயில் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கு ஒரு வார்த்தை. இழப்பீட்டில் பங்கு உள்ளவர்களைக் கோரிக்கை கொடுக்கச் சொல்லும் 3-ஜி(3) அறிவிப்பு வந்ததும் குத்தகைப் பதிவேட்டு நகலும் நெல் அளந்த ரசீதும் வைத்துத் தனிக் கோரிக்கை கொடுங்கள். கோயில் பெயரில் முழுத் தொகையும் போய்விடும் முன்னால் பங்குத் தகராறு என்று எழுதிக் கேட்டால், 3-எச்(4)-இன்படி அதிகாரி அதை மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும்.