ஒரு ஷூ பெட்டி பேஸ்பால் கார்டுகளை விற்றுக் கொடுத்த கதை

நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். பேஸ்மென்ட்டைக் காலி செய்யக் கை கொடுக்கப் போனவனிடம் ஒரு பழைய ஷூ பெட்டியை நீட்டி, "உனக்குத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமே, இதை விற்றுக் கொடு" என்றார். உள்ளே பேஸ்பால் கார்டுகள், பபிள்கம் பாக்கெட்டோடு வரும், ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டைகள். 1952இல், பதினொரு வயதில், புரூக்ளினில் தாத்தா பாக்கெட் ஐந்து சென்ட்டுக்கு வாங்கிச் சேர்த்தவை. எனக்குக் கிரிக்கெட்டை விட்டால் வேறு மட்டையே தெரியாது. சரி என்று வாங்கிக்கொண்டேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் பரப்பியபோது இந்தக் கார்டுகளை வெளியிட்ட டாப்ஸ் கம்பெனியின் 311ஆம் எண், புகழ்பெற்ற ஆட்டக்காரர் மிக்கி மேண்டிலின் கார்டு, கண்ணில் பட்டது. இதே கார்டு ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது என்று படித்ததும் கை நடுங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் அதை எடுத்து மற்ற கார்டுகளின் மேல் வைத்துப் பார்த்து, "இது மட்டும் ஏன் குட்டையா இருக்கு?" என்றாள். 1952 கார்டு ஏறக்குறைய 95 மில்லிமீட்டர் உயரம், இது 89தான். 1983இல் டாப்ஸே மறுபதிப்பாக வெளியிட்டது. திருப்பினால் பின்பக்கத்தில் அப்படியே போட்டிருக்கிறது. தாத்தாவின் மகன் எப்போதோ வாங்கி உள்ளே செருகியிருக்கிறான்!

ஏமாந்த கடுப்பில்தான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். பழசு என்பதால் மட்டும் விலை வருவதில்லை. அந்த 1952 வரிசையில் 311 முதல் 407 வரையிலான கடைசிப் பகுதி சீசன் முடியப்போகும் நேரத்தில் கடைக்கு வந்திருக்கிறது, பையன்கள் அதற்குள் அமெரிக்க ஃபுட்பால் பக்கம் போய்விட்டார்கள். விற்காத பெட்டிகள் கிடங்கில் கிடந்து, 1960இல் அந்த வரிசையை வடிவமைத்த சை பெர்கரே அவற்றைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக்கில் கொட்டினார். இதில் வேடிக்கை, பல கார்டுகளைச் சேர்த்து அடிக்கும் அச்சுத்தாளில் மேண்டில் இரண்டு தடவை வருகிறார், அதனால் அதே பகுதியில் பெயர் தெரியாத பல ஆட்டக்காரர்களின் கார்டுகள் அவருடையதைவிடக் குறைவு. ஆனால் யார் கேட்கிறார்கள் அவற்றை? குறைவாகவும் இருக்க வேண்டும், எல்லோரும் தேடுகிற ஆளாகவும் இருக்க வேண்டும். இன்னொரு பெரிய ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் கார்டுக்கு, சிகரெட் பாக்கெட்டோடு வந்தது அது, இரண்டுமே வாய்த்தது: 1909இல் அச்சடிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் அவர் சம்மதம் தராததால் நிறுத்திவிட்டார்கள், இன்று தேறுவது ஏறக்குறைய அறுபதுதான்.

எங்கள் பெட்டியில் உருப்படியாக இருந்தது ஆண்டி பாஃப்கோ. புரூக்ளின் டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர், நல்ல ஆட்டக்காரர்தான், மேண்டில் அளவுக்கெல்லாம் இல்லை. ஆனால் வரிசையில் அவர் எண் 1. பையன்கள் எண்படி அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவார்கள், மேலே இருக்கிற பாஃப்கோதான் அடி வாங்குவார். அதனால் சேதமில்லாத பாஃப்கோ அபூர்வம். நம்முடையதிலும் இரண்டு ஓரங்களிலும் பல் பட்ட மாதிரி ரப்பர் பேண்ட் தடம். தாத்தாவிடம் காட்டினால், "நான்தான் போட்டேன், பத்திரமா இருக்கட்டும்னு" என்கிறார்.

ஊர்க் கடை ஒன்றில் மொத்தப் பெட்டிக்கும் ஐம்பது டாலர் தருகிறேன் என்றார்கள். கொடுக்காமல் திரும்பி வந்து, பாஃப்கோவை மட்டும் தரம் பார்க்கும் கம்பெனிக்கு, கார்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கு, அனுப்பினேன். இதில் ஒரு விஷயம், அழுக்கைத் துடைக்கிறேன், ஓரத்தை நேராக வெட்டுகிறேன் என்று கை வைத்துவிடாதீர்கள், கண்டுபிடித்து, மதிப்பெண் போடாமல் திருப்பி விடுவார்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் கொஞ்சம் விறைப்பான உறை, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து டேப், இன்ஷூரன்ஸோடு தபால். கார்டு எவ்வளவு பெறும் என்று படிவத்தில் நாமே எழுத வேண்டும், கட்டணம் அதைப் பொறுத்து. ஏழு வாரம் கழித்து வந்தது: பத்துக்கு 1.5. அப்படியிருந்தும் கடைக்காரர் சொன்னதைப்போலப் பல மடங்குக்குப் போனது. மீதி 1952 கார்டுகள் தரம் பார்க்கிற செலவுக்கே கட்டாது, மொத்தமாக விற்றேன்.

தாத்தாவிடம் பணத்தைக் கொடுத்தபோது, "ரப்பர் பேண்ட் போடாமல் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. பேச்சை மாற்ற, அவர் மகன் எண்பதுகளில் வாங்கிய கார்டுகளைப் பற்றிக் கேட்டேன், ஆறு பெரிய பெட்டி, ஒன்றில்கூட ஒரு கீறல் கிடையாது. பழைய கார்டுகளின் விலையைப் பார்த்து நாடே பத்திரப்படுத்திய காலம் அது, கம்பெனிகளும் கார்டுகளை அச்சடித்துத் தள்ளினார்கள். சும்மா தருகிறேன் என்றாலும் கடைக்காரர் வேண்டாம் என்கிறார். ஆறும் இப்போது எங்கள் கராஜில் இருக்கின்றன. எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று மனைவி தினமும் கேட்கிறாள்.