ஏழு நாள் முகாமோடு நின்றுவிடாதீர்கள்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு படிவம் கைக்கு வரும். என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், செஞ்சுருள் சங்கம், விளையாட்டு என்று வரிசையாக அச்சடித்திருக்கும், ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழி எதில் அடிக்கிறாளோ அதிலேயே தானும் அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். பட்டப்படிப்பின் ஐந்தாம் பகுதி, விரிவாக்கப் பணி, ஒரு கிரெடிட், அவ்வளவுதான் என்று சீனியர்களும் சொல்லிவிடுவார்கள். இந்த வருஷம் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது, அந்த டிக்கைக் கொஞ்சம் யோசித்து அடியுங்கள். வகுப்பறையில் கிடைக்காத பல விஷயங்கள் அதன் வழியாகத்தான் கிடைக்கும், ஆனால் தானாக வந்து சேராது, கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறேன். சில வருஷம் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தேன். அதனால் எனக்குத் தெரிந்த என்.எஸ்.எஸ்.ஸிலிருந்தே தொடங்குகிறேன்.

காந்தி நூற்றாண்டு நடந்த 1969-ல், செப்டம்பர் 24 அன்று, மத்திய கல்வி அமைச்சராக இருந்த வி.கே.ஆர்.வி. ராவ் இதைத் தொடங்கிவைத்தார். முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இன்றைக்கு இது இல்லாத கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜில் இருப்பது கோனார்க் சூரியன் கோவில் சக்கரம், அதன் எட்டு ஆரக்கால்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன. இதெல்லாம் தொடக்கக் கூட்டத்தில் சொல்லிவிடுவார்கள். அழுத்திச் சொல்லாமல் போவது கணக்கைத்தான். ஒரு தன்னார்வலர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், வருஷத்துக்கு 120. ஏழு நாள் சிறப்பு முகாம் அதில் சேராது, அது தனி. மாதத்துக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரே ஊருக்குப் போய்வரலாம். இந்தப் பத்து மணி நேரம்தான் பெரிய வாய்ப்பு, பல இடங்களில் கல்லூரி வளாகத்தைக் கூட்டுவதிலும் விழாக்களுக்கு நாற்காலி போடுவதிலும் பேரணியில் பேனர் பிடிப்பதிலும் கரைந்துபோவதும் இதுதான்.

முகாமை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரசுப் பள்ளி வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்து, விடியற்காலையில் எழுந்து பார்த்தீனியம் பிடுங்கி, சாயங்காலம் கோவில் திடலில் நாடகம் போட்டு, எழுபது பேருக்கு உப்புமா கிண்டக் கற்றுக்கொள்ளும் அந்த ஏழு நாள் பல பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டை விட்டு வெளியே தங்கும் அனுபவம். ஊருக்குள் மட்டும் சுற்றிவிட்டு வராமல் காலனிக்கும் போய், அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், சிலருக்கு அதுவே முதல் தடவை. எந்தப் பாடத்திட்டத்திலும் அந்தத் தண்ணீருக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் எட்டாம் நாள் பேருந்து ஏறிவிட்டால் அடுத்த வருஷம் வரைக்கும் அந்த ஊரைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அடுத்த வருஷமும் புதுப் பிள்ளைகள், அதே பார்த்தீனியம். கல்லூரிகளுக்குத் தரம் போட வரும் நாக் குழுவுக்குக் காட்ட, இடம் பதிந்த ஜியோடேக் போட்டோ இருந்தால் போதும் என்று ஒரு கல்லூரி நினைக்க ஆரம்பித்துவிட்டால் ஊர்க்காரர்களுக்கும் அது புரிந்துவிடும், பிள்ளைகளுக்கும் புரிந்துவிடும்.

இதை மாற்ற ஒரே வழி, திரும்பத் திரும்ப அதே ஊருக்குப் போவதும், போகும்போது நீங்கள் படிக்கும் பாடத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போவதும்தான். எங்கள் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனாலும் எந்த ஊராக இருந்தாலும் குழாயில் தண்ணீர் வராத நாள் என்று ஒன்று உண்டு, அன்றைக்கு போர் தண்ணீரில்தான் சமையல், குடிப்பதும் அதையேதான். நாங்கள் போய்க்கொண்டிருந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் ஃப்ளோரைடால் வந்த பழுப்புக் கறை தெரியும். எங்கள் இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவிகள் நீரின் தரம் பற்றிய பாடத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்த சமயம் அது. சரி, இந்த ஊர்த் தண்ணீரையே சோதிப்போம் என்று முடிவு செய்தோம். வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி தருகிறார்கள், அந்த ஊரிலும் அப்படிப் பயிற்சி எடுத்த அக்காக்கள் இருந்தார்கள். பெட்டியைத் திறந்து, கைபம்பில் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மாறும் நிறத்தை அட்டையில் உள்ள நிறங்களோடு வைத்துப் பார்ப்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டியவர்கள் அவர்கள்தான். பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளைகள் பத்தாவதோடு நின்ற அக்காவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். அதே தண்ணீரைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து ஆய்வகத்திலும் அளந்தோம். இந்திய தர நிர்ணயப்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. ஊரில் இருந்த கைபம்புகளில் ஒன்றுதான் அந்த அளவுக்குள் வந்தது.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். முடிவைச் சொல்ல வீடு வீடாகப் போனபோது ஓர் ஆயா கேட்டார், "நாங்க காய்ச்சித்தானே கண்ணு குடிக்கிறோம், அப்புறம் என்ன?" அந்த மாணவி சட்டென்று பதில் சொல்ல முடியாமல் நின்றாள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். இதை அவள் படித்திருக்கிறாள், பரீட்சையில் எழுதியும் இருப்பாள், ஆனால் அந்த ஆயாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டி வந்தபோதுதான் அது அவளுக்கே புரிந்தது. உப்புத் தண்ணியைக் கொதிக்கவைத்தால் உப்புக் கரித்துப்போகுமே, அந்த மாதிரிதான் ஆயா என்று கடைசியில் சொன்னாள். அடுத்த கிராம சபையில் எங்கள் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை, அந்த ஊர் வாக்காளர்கள்தான் அங்கே பேச முடியும். அளவுகளைப் பெரிய எழுத்தில் சார்ட்டில் எழுதிக் கொடுத்ததோடு அவர்கள் வேலை முடிந்தது. எழுந்து நின்று வாசித்தது பயிற்சி எடுத்த அக்காக்களில் ஒருவர். தீர்மானம் போட்டார்கள், மற்ற பம்புகளில் குடிக்க உதவாது என்று எழுதிவைத்தார்கள். அந்த வருஷம் நீரின் தரம் பற்றிய கேள்விக்கு அந்த வகுப்பு எழுதிய பதில்களைத் திருத்தும்போது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

வேதியியல் என்பதால் இது அமைந்தது, நாங்கள் தமிழ் இலக்கியம் படிக்கிறோம், வரலாறு படிக்கிறோம், நாங்கள் எதை எடுத்துக்கொண்டு போவது என்று கேட்பார்கள். அதே ஊரில் தமிழ்த்துறைப் பிள்ளைகள் எழுதிய மனுக்களைப் பார்த்தவன் நான். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது, அதை வாங்க 60 வயது முடிந்திருக்க வேண்டும். ஒரு பாட்டிக்கு ஆதாரில் 56 வயது, மூத்த மகனுக்கே ஐம்பதைத் தொடப்போகிறது. ரேஷன் அட்டையில் ஒரு வயது, வாக்காளர் பட்டியலில் இன்னொன்று. முகாம் போட்டு ஆதார் எடுத்தபோது யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வயது, இன்றைக்கு அவர் சோற்றில் மண்ணைப் போடுகிறது. இ-சேவை மையத்துக்கு எதை எடுத்துப் போக வேண்டும், முதலில் எதைத் திருத்த வேண்டும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவில் நான்கே வரியில் எப்படிச் சொல்வது என்பதற்கெல்லாம் மொழி தெரிந்தவர்கள் வேண்டும். பிள்ளைகள் எழுதி, அந்தப் பாட்டிக்கு வாசித்துக்காட்டி, "இப்படித்தானே பாட்டி சொன்னீங்க?" என்று கேட்டுத் திருத்தி எழுதினார்கள். சிலருக்குத் தொகை வந்தது. அந்தப் பாட்டிக்கு இன்னும் வரவில்லை, திரும்பவும் மனு போட்டிருக்கிறது.

என்.எஸ்.எஸ். தவிரவும் வழிகள் இருக்கின்றன. வேளாண் கல்லூரியில் படிப்பவர்களுக்கு இறுதியாண்டில் கிராமத்தில் தங்கும் பயிற்சி படிப்போடு சேர்ந்தே வருகிறது. தெருவின் நடுவே கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டு, எந்தக் கிணறு வற்றியது, எந்த ஓடையில் தண்ணீர் போகிறது என்று ஊர்க்காரர்களையே குறிக்கச் சொல்வார்கள். கண்ணெதிரே ஒரு பெரியவர் குச்சியை வாங்கி, மாணவி போட்ட கோட்டை அழித்துவிட்டுச் சரியான இடத்தில் ஏரியை வரைவதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவ மாணவர்களுக்கு முதல் வருஷத்திலிருந்தே சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. சட்டம் படிப்பவர்கள் கல்லூரியின் சட்ட உதவி மையத்தையும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் கேட்கலாம். பொறியியல் கல்லூரிகளில் 2014-ல் தொடங்கிய, கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியான் இருக்கிறது, அதில் சேர்ந்த கல்லூரி ஐந்து ஊர்களை எடுத்துக்கொள்ள வேண்டும், உங்கள் கல்லூரி எந்த ஐந்தை எடுத்திருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள். திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில், கிராமத்தில் தங்கிப் பணி செய்வது வெகுகாலமாகப் பாடத்தின் ஒரு பகுதி. மதுரை லேடி டோக் கல்லூரியிலும் சமூகப் பணியைப் பாடத்தோடு இணைத்து நடத்துகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவும் சமூக ஈடுபாட்டுக்கென்று இரண்டு கிரெடிட் பாடம் நடத்தச் சொல்லி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆசிரியர்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டு துறைக் கூட்டத்தில் பேசலாம், பேச வேண்டும்.

எந்த அமைப்பிலும் சேராமலே செய்யக்கூடியதும் உண்டு. 17 வயது முடிந்திருந்தாலே, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டியே நிரப்பிக் கொடுக்கலாம், 18 ஆனதும் பெயர் பட்டியலில் ஏறும். பெயர் ஏறியபின் உங்கள் சொந்த ஊர் கிராம சபையில் நீங்களும் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு சபைகள். பெரும்பாலும் விடுமுறை நாள்கள்தான், ஊரில்தான் இருப்பீர்கள். ஊராட்சியின் வரவு செலவை அங்கே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், கேட்டு வாங்கிப் படியுங்கள். வணிகவியல் படிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி ஏது?

பெண் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்ப வீட்டில் தயங்குவார்கள் என்பது உண்மைதான். அதற்காகவே, தூரத்து ஊரைத் தேடாமல் டவுன் பஸ்ஸில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் தொலைவில் ஊரை எடுங்கள் என்று திட்ட அலுவலர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பெற்றோரை ஒரு தடவை அந்த ஊருக்கே அழைத்துப் போனால் பாதித் தயக்கம் போய்விடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தன்னார்வலர்களுக்குப் பணி நாட்குறிப்பு என்று ஒன்று கொடுப்பார்கள். வருஷக் கடைசியில் ஒரே ராத்திரியில் 'தூய்மைப் பணி செய்தோம், மரம் நட்டோம்' என்று நிரப்பிக் கையெழுத்து வாங்குவதற்கு அல்ல அது. அன்றன்றைக்கு எழுதுங்கள். யாரைப் பார்த்தீர்கள், என்ன கேட்டார்கள், உங்களுக்கு எது தெரியவில்லை, படித்த எந்தப் பாடம் அங்கே ஒத்துவரவில்லை, ஒரு வேலை நடக்கவில்லையென்றால் அது யார் கையில் நிற்கிறது. அதோடு, ஊருக்கென்று பொதுவாக ஒரு நோட்டும் போடுங்கள். எந்த மனு எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, எந்தப் பம்பு எப்போது சோதிக்கப்பட்டது, நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன, யார் வீட்டுக்கு மறுபடி வருவதாகச் சொன்னீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மூன்றாம் வருஷம் போகும்போது அந்த நோட்டை ஜூனியர்கள் கையில் கொடுத்து, அவர்களை ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய் ஊரில் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள். எங்கள் ஊர் நோட்டு இப்போது நான்காவது செட் பிள்ளைகளிடம் இருக்கிறது, அந்தப் பாட்டியின் ஆதார் விவகாரத்தை அவர்கள்தான் கையில் எடுத்திருக்கிறார்கள்.