எங்கள் நாடகத்து ராணி

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்க் கோயில் திருவிழாவில் பிள்ளைகள் நடிக்க ஒரு ராணி கதை எழுதுகிறேன். கற்பனை ராணிதான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டார், வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டினார். அதையெல்லாம் இவளுக்கும் கொடுத்துவிட்டேன். போர்க் காட்சி சின்னது. சத்திரத்து அடுப்படிதான் நீளம்: முதலில் யாருக்குச் சோறு என்று சமையல்காரியிடமே ராணி கேட்கிறாள். அங்கே எனக்கே கண் கலங்கியது.

அப்புறம், நிலம் வாங்கி உழுபவருக்கே எழுதிக் கொடுக்கிறாள். பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், மலாயா இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 10 வெள்ளி (அன்றைய டாலர்) கட்டி, நம் பால்மர (ரப்பர்) தொழிலாளர்களே தோட்டம் வாங்கினார்களே, அதை நினைத்து எழுதியது.

ராணி வேடத்துக்குப் பெண் பிள்ளைகள் வேண்டும். ஞாயிறு மாலை கோயில் மண்டபத்துக்கு அனுப்புங்கள். பழைய பட்டுச்சேலை இருந்தாலும் கொடுங்கள், அக்கா.