ஹம்பிப் பாறைகளில் ஃபிளாஷ்: ஒரு பயிலரங்க நாட்குறிப்பு

8 ஜனவரி 2025, புதன்

பாறை ஏறுபவர்களை ஃபிளாஷ் வைத்துப் படமெடுக்கும் பயிலரங்கம் நாளை காலை. இடம், துங்கபத்திரையின் வடகரையில் ஆனெகுந்திக்கும் சாணாபூருக்கும் நடுவில் இருக்கும் பாறைக்காடு. தென்கரையில் கோயில்களும் மண்டபங்களும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் முக்காலி ஊன்றவே அனுமதி வாங்க வேண்டும். பவுல்டரிங் (கயிறில்லாமல் தாழ்வான பாறைகளில் ஏறுவது) ஏறுபவர்கள் குளிர்காலத்தில் கூடுவதும் வடகரையில்தான். சூடேறாத கிரானைட்டில்தான் விரல் பிடிக்கும். சீசன் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்பதற்குக் காரணம் அதுவே.

மூன்று பேருக்கு ஒரு மூட்டை. அதில் ஒரு கோடாக்ஸ் ஏடி200 ப்ரோ (பேட்டரியில் ஓடும் பெரிய ஃபிளாஷ்), ஒரு ஸ்பீட்லைட் (சிறிய ஃபிளாஷ்), ட்ரிகர் (கேமராவிலிருந்து ஃபிளாஷை எரியவைக்கும் ரேடியோ கருவி), ஸ்டாண்ட், பெயின்டர்கள் ரோலர் மாட்டும் நீட்டுக் கம்பு, காலி மணல் பை இரண்டு (கல் அங்கேயே கிடைக்கும்), 5 மி.மீ. கயிறு, ஆரஞ்சு ஜெல் (விளக்கின் முன் ஒட்டும் நிறத் தாள்) கால், அரை, முழு அளவுகளில், கருப்பு ஃபாயில் ஒரு துண்டு. ஒளியை மென்மையாக்கும் குடை எடுக்கவில்லை. பாறை மேட்டில் காற்று ஒருமுறை எட்டிப் பார்த்தால் குடையோடு விளக்கும் கீழே போகும்.

விமானத்தில் வருகிறவர்கள் கவனிக்க: ஏடி200 பேட்டரி 14.4 வோல்ட், 2900 எம்ஏஎச், அதாவது 41.76 வாட்-மணி. 100 வாட்-மணி வரம்புக்குள்தான். ஆனால் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி.

இரவே முடிக்க வேண்டிய வேலை: எல்லா ஃபிளாஷிலும் சேனல், ஐடி, குரூப் மூன்றையும் குழுவுக்குக் குழு வேறாக வைப்பது. ஒரே சேனலில் இரண்டு குழு இருந்தால், பக்கத்துப் பாறையில் ஒருவர் ஷட்டரை அழுத்த இங்கே விளக்கு வெடிக்கும். தானாக அணையும் வசதியையும் நிறுத்தியாயிற்று. ஏறுபவர் பாறையைப் படித்து, கையில் சுண்ணம் (பிடி வழுக்காமல் இருக்க வெள்ளைத் தூள்) பூசி, மூச்சு வாங்கி நிற்கும் நேரத்தில் விளக்கு தூங்கிப்போவது அடிக்கடி நடக்கும். ட்ரிகரில் தூர அமைப்பு 0–30 மீட்டரில். அதை 1–100-ல் விட்டுவிட்டு விளக்கைப் பக்கத்தில் வைத்தால் சிலசமயம் எரியாது. எல்லோரும் பேட்டரியைச் சந்தேகப்படுவார்கள்.

9 ஜனவரி, வியாழன்

காலை வகுப்பில் ஃபிளாஷ் பையை விட்டு வெளியே வரவில்லை. வானமும் பாறையும் எவ்வளவு இருட்டாக வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகே விளக்குக்கு வேலை. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களின் படத்தில் ஆள் மட்டும் வெளுத்திருப்பார், பின்னணி தற்செயலாக அமைந்திருக்கும்.

தெளிவான வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/250 வினாடி, லென்ஸ் துளை எஃப் 11 (எண் கூடினால் துளை சிறுக்கும்). வெயில் படும் பாறை சரியாக வரும். வானம் ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பது) ஆழமாக வேண்டுமென்றால் எஃப் 16. ஷட்டரை இனி வேகமாக்க முடியாது. பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷ் ஒத்துப்போகும் எல்லை 1/200 அல்லது 1/250. தாண்டினால் திரை பாதி மூடிய நிலையில் விளக்கு எரிந்து, படத்தில் ஒரு கருப்புப் பட்டை விழும்.

இனி கணக்கு. ஏடி200-இன் சதுரத் தலைக்கு கைடு நம்பர் (எஃப் எண்ணால் வகுத்தால் விளக்கு எட்டும் தூரம் வரும்) ஐஎஸ்ஓ 100-ல் 52 மீட்டர் என்று கம்பெனி சொல்கிறது. 52-ஐ 16-ஆல் வகுத்தால் 3.25. நடுப்பகலில் முழு பவரில் அடித்தாலும் விளக்கு ஆளிடமிருந்து மூன்றேகால் மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்று அர்த்தம். நான்கு மீட்டர் உயரப் பாறையில் அது ஏறுபவர் விழும் இடத்துக்குள்ளேயே வரும். இரண்டு ஃபிளாஷைச் சேர்த்துக் கட்டினால் ஒரு ஸ்டாப்தான் கூடும்; தூரம் 4.6 மீட்டர் ஆகும். கம்பெனி எண் எப்போதும் கொஞ்சம் தாராளம் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஹெச்எஸ்எஸ் (அந்த எல்லையைத் தாண்டிய ஷட்டர் வேகத்திலும் ஃபிளாஷ் எரியும் முறை)? ஒவ்வொரு பயிலரங்கிலும் வரும் கேள்வி. 1/1000, எஃப் 8 என்று மாற்றினால் வெயில் அளவு அதேதான். ஆனால் ஹெச்எஸ்எஸ்-ல் விளக்கு ஒரே வெடிப்பாக இல்லாமல் திரை நகரும் நேரமெல்லாம் சிறு துடிப்புகளாக எரிகிறது. சென்சரில் விழுவது குறைந்தது இரண்டு ஸ்டாப் குறையும். ஷட்டர் வேகமாக ஆக இன்னும் குறையும். எஃப் 8-ல் கிடைத்த இரண்டு ஸ்டாப் அதிலேயே போய்விடும். பின்னணியை மங்கலாக்க ஹெச்எஸ்எஸ் நல்ல கருவி. வெயிலை வெல்ல அது உதவாது.

வெயிலோடு மல்லுக்கட்டாமல் அதையே பின்விளக்காக எடுத்துக்கொள்வது சுலபம். சூரியனை ஏறுபவரின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தால், நம் பக்கம் நிழல். எஃப் 11, அரை பவர், 4 மீட்டர்: விளக்கிலிருந்து எஃப் 9 கிடைக்கிறது. அரை ஸ்டாப் குறைவு. நிழலை நிரப்ப அதுதான் சரியான அளவு. முகம் வெயிலைவிடப் பிரகாசமானால் பார்ப்பவர் கண் உடனே சந்தேகப்படும்.

10 ஜனவரி, வெள்ளி

இன்று முழுக்கத் தூரம்தான் பாடம். பயிலரங்குகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது பவர் அல்ல, தூரம்.

ஸ்டூடியோவில் பழகியவர்கள் விளக்கைக் கிட்டே கொண்டுபோவார்கள். கிட்டே வந்தால் மென்மையாகும், பவரும் மிச்சம். ஆள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை அது சரி. பாறையில் ஆள் நகர்கிறார். விளக்கு 2 மீட்டரில் இருக்கும்போது அவர் ஒரு மீட்டர் விளக்கை நோக்கி வந்தால் ஒளி நான்கு மடங்கு, இரண்டு ஸ்டாப் கூடுதல். முகம் போயே போயிற்று. விளக்கு 6 மீட்டரில் இருந்தால் அதே ஒரு மீட்டர் நகர்வுக்கு 36-ஐ 25-ஆல் வகுத்தது, 1.44 மடங்கு; அரை ஸ்டாப்தான். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) சரிசெய்துவிடலாம். கை நீட்டியிருக்கும் படங்களில் இன்னும் தெளிவாகத் தெரியும்: விளக்குப் பக்கத்து உள்ளங்கை சுண்ணத்தோடு வெள்ளைத் திட்டாக எரிந்து, முகம் இருட்டில் கிடந்தால் விளக்கு கிட்டே நிற்கிறது.

வகுப்பில் இது நடந்தபோது உரையாடல் இப்படித்தான்:

“சார், முகம் இருட்டா இருக்கு. பவர் ஏத்தட்டுமா?”

“வேண்டாம்ப்பா. விளக்கோட நாலு எட்டு பின்னால போ. அப்புறம் ஏத்து.”

சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) இல்லாமல், சுருக்கமான கற்றையில், ஆறேழு மீட்டர் தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில், பாறை முகத்துக்குப் பக்கவாட்டில் விளக்கு நிற்க வேண்டும். ஒளி பாறையை உரசிக்கொண்டு போனால்தான் கிரானைட்டின் சொரசொரப்பு தெரியும். கேமராப் பக்கமிருந்து அடித்தால் பாறை அட்டை மாதிரி தட்டையாகும். வழியில் துருத்திக்கொண்டிருக்கும் பாறை முதலில் ஒளியை வாங்கி வெளுத்துவிடும். விளக்குத் தலையை மேலே திருப்பி, கற்றையின் கீழ் விளிம்பு மட்டும் ஆள்மேல் படும்படி வைக்கலாம். அது போதாவிட்டால் அந்தப் பக்கம் கருப்பு ஃபாயிலை மடித்து மறைக்கலாம்.

மாலை ஐந்தரைக்குப் பிறகு டைனோ. ஒரு பிடியிலிருந்து உச்சி விளிம்புக்கு ஒரே பாய்ச்சல், கால் இரண்டும் காற்றில். ஐஎஸ்ஓ 400, 1/250, எஃப் 5.6, விளக்கு 6 மீட்டரில், பவர் 1/8. சரிபார்க்கும் விதம்: ஐஎஸ்ஓ 400-ல் கைடு நம்பர் 104, எட்டில் ஒரு பங்குக்கு அதை 2.83-ஆல் வகுத்தால் 36.8, ஆறால் வகுத்தால் 6.1. எஃப் 5.6-க்குக் கால் ஸ்டாப் மிச்சம்.

ஏன் முழு பவர் இல்லை? ஃபிளாஷில் பவர் குறைப்பது என்றால் எரியும் நேரத்தைக் குறைப்பது. நிக்கான் எஸ்பி-900 கையேட்டில் முழு பவருக்கு 1/880 வினாடி, 1/8 பவருக்கு 1/5000, 1/32-க்கு 1/20000. பாயும் கை வினாடிக்கு 5 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால் 1/880-ல் ஆறு மி.மீ. நகரும்; 1/5000-ல் ஒரு மி.மீ. ஏடி200 முழு பவரில் 1/220 என்று போட்டிருக்கிறது. அதில் கை இரண்டு செ.மீ.க்கு மேல் இழுபடும். இவையெல்லாம் டி.5 அளவு, அதாவது ஒளி உச்சத்தில் பாதிக்கு மேல் இருக்கும் நேரம். முழு பவரில் அதற்குப் பிறகும் ஒரு நீண்ட வால் உண்டு. டி.1 அளவு (உச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் நேரம்) பார்த்தால் ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஒளியே ஷட்டராக வேலை செய்ய வேண்டுமென்றால் மற்ற வெளிச்சம் அடங்கியிருக்க வேண்டும். 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்டு எட்கர்டன் ஸ்ட்ரோப் விளக்கு வைத்து எடுத்த படங்கள் இருட்டறைக் காரியம். நமக்கு மேலே வானம் இருக்கிறது. ஏறுபவர் உடம்பில் இயல்பு வெளிச்சம் ஃபிளாஷைவிட இரண்டு, மூன்று ஸ்டாப் கீழே இருந்தால் பேய் உருவம் (மங்கலான இரண்டாவது உருவம்) வராது. இன்னொரு கோளாறு இதற்கு நேர்மாறானது: பிரகாசமான வானத்தின் முன் பாய்ந்தால், ஷட்டர் மெதுவாக இருக்கும்போது கையின் ஓரத்தை வானம் தின்றுவிடும். விரல்கள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். ஷட்டரை 1/250-க்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் நான்கு அடி இடம் மாறி ஆளை இருண்ட பாறை முன்னால் நிறுத்துங்கள்.

சுண்ணப் புகையைப் பிடிக்கத் தனி விளக்கு. ஸ்பீட்லைட்டை ஆளுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டரில், இடுப்பு உயரத்துக்குக் கீழே, அவர் உடம்பே மறைக்கும்படி வைத்து 1/16 பவர். பின்னாலிருந்து வந்தால் துகள் துகளாக மின்னும். முன்னாலிருந்து வந்தால் வெள்ளைப் பூச்சு. கைதட்டிய கணத்தில் அழுத்தினால் புகை இன்னும் விரிந்திருக்காது. மனசுக்குள் “ஒண்ணு” சொல்லி அழுத்துங்கள்.

பேரம் பேச முடியாத விதிகள்: கிராஷ் பேட் (விழுந்தால் தாங்கும் மெத்தை) மேலும், அதைச் சுற்றி ஒரு ஆள் நீளத்துக்கும் ஸ்டாண்ட், பை, மூடி எதுவும் கிடக்கக் கூடாது. ஸ்பாட்டராக (விழுபவரைத் தாங்க) நிற்பவர் படம் எடுக்கக் கூடாது. பாறை உச்சியில் விளக்கு வைத்தால் கயிற்றால் கட்டியே வைக்க வேண்டும். ஏறுபவருக்கு முதலில் தரையில் நிறுத்தி இரண்டு முறை ஃபிளாஷ் அடித்துக் காட்ட வேண்டும்; எந்தப் பிடியில் விளக்கு கண்ணில் அடிக்கிறது என்று அவர் சொன்னால் விளக்குதான் நகர வேண்டும்.

11 ஜனவரி, சனி

சாணாபூர் ஏரி, பரிசல். இன்று குறிப்பு குறைவு.

பரிசல் சுற்றும். விளக்கைப் பரிசலில் வைத்தால் ஒவ்வொரு துடுப்புக்கும் ஒளியின் திசை மாறும். விளக்கைக் கரைப் பாறையில் நிறுத்திவிட்டு, பரிசல்காரரைக் கரையை ஒட்டி வரச் சொல்வதே எளிது. துடுப்பு தெறிக்கும் நீருக்குப் பின்விளக்கு, 1/32 பவர். தலையை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு ரப்பர் பேண்ட். மாடலிங் விளக்கு (ஃபிளாஷ் தலையில் தொடர்ந்து எரியும் சிறு விளக்கு) அணைந்திருக்கட்டும், இல்லையென்றால் பை உருகி ஒட்டும்.

லைஃப் ஜாக்கெட்டில் இருக்கும் வெள்ளிப் பட்டை பலரின் படத்தைக் கெடுத்தது. ஒளி வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதுதான் அந்தப் பட்டையின் வேலை. அதனால் லென்ஸுக்குப் பக்கத்தில் விளக்கு இருந்தால் மட்டுமே எரியும். விளக்கை 30 டிகிரி தள்ளினால் அடங்கிவிடும். ஜாக்கெட்டைக் கழற்றுங்கள் என்று சொல்வது தீர்வல்ல.

12 ஜனவரி, ஞாயிறு

சூரியன் மறைவது 6.10-க்கு. அதன்பிறகு ஏறக்குறைய இருபது நிமிடம், அதில் வெளிச்சம் மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் என்ற வேகத்தில் சரியும். இந்த நேரத்தில் ஃபிளாஷை யாரும் தொடக் கூடாது. ஃபிளாஷ் அளவு ஷட்டரைப் பொறுத்ததல்ல. வானம் இருட்ட இருட்ட 1/250, 1/125, 1/60 என்று ஷட்டரை மட்டும் இறக்கிக்கொண்டே வந்தால் ஆள் மாறாமல் இருப்பார், வானமும் நிற்கும். ஐஎஸ்ஓவை ஏற்றியவர்கள் ஃபிளாஷையும் சேர்த்து ஏற்றிவிட்டுத் தவித்தார்கள். 1/60-க்கு வரும்போது பாய்ச்சல் படம் வேண்டாம். தொங்கி நிற்கும் நிலை மட்டும்.

நிறம். வெறும் ஃபிளாஷ் சுமார் 5500 கெல்வின் (ஒளியின் நிற அளவு; எண் குறைந்தால் ஆரஞ்சு). அந்திப் பாறை மேல் அது நீலமாகத் தெரியும். அரை ஆரஞ்சு ஜெல் அதை 3800-க்கு இறக்கும், அரை ஸ்டாப் அளவுக்கு ஒளியையும் தின்னும். கேமராவின் வெள்ளைச் சமநிலையை 5500-ல் விட்டால் ஏறுபவர் மேல் கடைசி வெயில் படுவதுபோல் இருக்கும். 3800-க்கு மாற்றினால் தோல் இயல்பாகி வானம் அடர் நீலமாகும். முழு ஜெல்லும் 3200-ம் வைத்தால் நீலம் மிஞ்சிவிடும். எங்களுக்கு அது பிடிப்பதில்லை. விளக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில்தான் சூரியனும் மறைந்திருக்க வேண்டும். கிழக்கிலிருந்து ஆரஞ்சு ஒளி வந்தால் ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு உறுத்தும்.

நாளை பௌர்ணமி. இன்று சூரியன் மறையும் முன்பே வடகிழக்கில் நிலவு ஏறிவிட்டது. நிலவும் ஆளும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் அகல லென்ஸ் உதவாது: லென்ஸின் குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால் சென்சரில் நிலவின் விட்டம் வரும். 24 மி.மீ.யில் அது ஒரு புள்ளி, 200 மி.மீ.யில் 1.8 மி.மீ. அதனால் 200-ஐ மாட்டிக்கொண்டு நாற்பது மீட்டர் பின்னால் போக வேண்டும்.

நேற்று முன்தினத்து ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/250-ல் நிலவு வெறும் வெள்ளை ஓட்டை. ஐஎஸ்ஓ 200, எஃப் 8 என்று இரண்டு ஸ்டாப் இறக்கினால் நிலவின் மேல் திட்டுகள் தெரியத் தொடங்கும். ஃபிளாஷ் 1/8-லிருந்து 1/2-க்கு ஏற வேண்டும், எரியும் நேரம் நீள்வதால் ஆள் அசையாமல் நிற்க வேண்டும். வானமும் நிலவும் ஓரளவு சமமாக இருப்பது 6.20 வரைதான்.

நாற்பது மீட்டர் தள்ளிப் போனதும் பாதிப் பேருக்கு ஃபிளாஷ் எரியவில்லை. புதன் இரவு வைத்த 0–30 மீட்டர் அமைப்பு அப்படியே இருந்தது. 1–100-க்கு மாற்றியதும் எரிந்தது. ஒருவருக்கு மட்டும் அப்போதும் இல்லை: நடுவில் கிரானைட் பாறை. 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலை அதை ஊடுருவாது. விளக்கைக் கம்பில் மாட்டி அரை மீட்டர் உயர்த்தச் சொன்னோம், வந்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. ஆறே முக்காலுக்குள் எல்லோரும் நெற்றி விளக்கோடு ஒன்றாக இறங்கியாக வேண்டும். ஸ்டாண்ட் எண்ணி, பேட்டரி எண்ணி, ஜெல் துண்டுகள் பாறை இடுக்கில் விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினோம். மணல் பைக் கற்களை எடுத்த இடத்திலேயே போட்டாயிற்று.