மாங்கூழ் ஆலையின் ஃபேக்ஸ்: நாட்குறிப்பு

மே 9, 2011, திங்கள்

ஃபேக்ஸ் இயந்திரம் இன்றும் காகிதத்தைக் கடித்துவிட்டது. ஜப்பானில் இருக்கும் வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய தரச்சான்று, மூன்றாம் பக்கத்தில் விசிறிபோல மடிந்து நின்றது. இன்னும் சில வாரங்களில் பெங்களூரா மாங்காய் வந்து குவியத் தொடங்கிவிடும். ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டும். அந்த நேரத்தில் இதோடு மல்லுக்கட்ட முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"மின்னஞ்சல் அனுப்பினால் அது ஃபேக்ஸாகப் போய்ச் சேர வேண்டும். முடியுமா தம்பி?"

முடியும் என்றேன். மூன்று நாள் கேட்டேன். வழக்கம்போலக் குறைத்துக் கேட்டுவிட்டேன்.

இந்த அலுவலகத்தில் ஃபேக்ஸ் என்றால் அக்காதான். பதினான்கு வருடமாக அவர்தான் எண்ணை அழுத்துகிறார். சத்தத்தைக் கேட்டே "போகும்", "போகாது" என்று சொல்லிவிடுவார். என் திட்டத்தை முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "போய்ச் சேர்ந்தது என்று எனக்கு யார் சொல்வார்கள்?"

மே 10, செவ்வாய்

மூலையில் கிடந்த பழைய கணினியில் டெபியன் 6 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினேன். பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பு. அதன் மேல், கணினியிலிருந்தே ஃபேக்ஸ் அனுப்பவும் பெறவும் உதவும் ஹைலாஃபேக்ஸ் மென்பொருள். சிலிக்கான் கிராஃபிக்ஸில் இருந்த சாம் லெஃப்ளர் எழுதியது. முதலில் ஃபிளெக்ஸ்ஃபேக்ஸ் என்று பெயர். டிஃப் என்ற வடிவில் இருக்கும் படக் கோப்புகளைக் கையாளும் லிப்டிஃப் நிரல் நூலகமும் அவர் எழுதியதுதான். ஃபேக்ஸ் பக்கம் என்பது கடைசியில் ஒரு டிஃப் படம் என்பதால், இரண்டும் ஒரே கையிலிருந்து வந்ததில் வியப்பில்லை.

மோடத்தைச் சீரியல் கேபிளில் மாட்டி, அதை ஹைலாஃபேக்ஸுக்கு அறிமுகப்படுத்தும் ஃபேக்ஸ்ஆட்மோடம் கட்டளையை ஓட்டினேன். நாட்டுக் குறியீடு 91, எங்கள் கிருஷ்ணகிரியின் ஊர்க் குறியீடு 4343, வெளியூருக்கு 0, வெளிநாட்டுக்கு 00. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்து, சோதனையாக ஒரு பக்கம் அனுப்பினால் "டயல் டோன் இல்லை" என்கிறது. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால் ஒலி கேட்கிறது!

மதியம் வரை கேபிளைச் சந்தேகப்பட்டேன். தவறு அதில் இல்லை. எங்கள் இணைப்பு, அலுவலகத்தின் இபிஏபிஎக்ஸ் என்ற உள் தொலைபேசி இணைப்பகப் பெட்டி வழியாக வருகிறது. அந்தப் பெட்டி தரும் ஒலி விட்டுவிட்டு வரும். மனிதக் காதுக்கு அது டயல் டோன், மோடத்துக்கு இல்லை. ஏடிஎக்ஸ்3 என்ற கட்டளையைத் தொடக்க அமைப்பில் சேர்த்தால், மோடம் டயல் டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றிவிடும். வெளி இணைப்புக்கு முன்னால் ஒரு பூஜ்யம், அதன் பின் ஒரு காற்புள்ளி. அந்தக் காற்புள்ளிதான் மோடத்துக்கு "கொஞ்சம் பொறு" என்று சொல்வது. போனது.

மே 11, புதன்

மின்னஞ்சல் பக்கம். அஞ்சலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் நிரலில், எந்த அஞ்சல் எந்த வழியில் போகும் என்று சொல்லும் டிரான்ஸ்போர்ட் அட்டவணையில் ஒரு வரி: ஃபேக்ஸ் என்ற பெயரில் முடியும் முகவரிக்கு வரும் அஞ்சலெல்லாம் ஃபேக்ஸ் வழியில் போகட்டும். மாஸ்டர் கோப்பில் இன்னொரு வரி: அந்த வழி என்பது, அஞ்சலை ஃபேக்ஸாக்கும் ஃபேக்ஸ்மெயில் நிரலுக்குள் அதை ஊற்றும் ஒரு குழாய். முகவரியில் அட் குறிக்கு முன்னால் இருப்பதுதான் தொலைபேசி எண். ஒரு நேரத்தில் ஒரு பெறுநர் மட்டும் என்று வரம்பும் வைத்தாயிற்று.

வழிகாட்டியில் இருந்த வரியை அப்படியே எழுதியதால் ஒரு மணி நேரம் வீண். அதில் ஃபேக்ஸ் என்ற பயனரின் பெயரில் ஓடு என்று இருந்தது. இந்தக் கணினியில் அப்படி ஒரு பயனரே கிடையாது. உருவாக்கியதும் ஓடியது.

இன்னொன்றும் செய்தேன்: அலுவலக வலையமைப்புக்கு வெளியிலிருந்து இந்த முகவரிக்கு அஞ்சல் வந்தால் ஏற்கக் கூடாது. எவனோ ஒருவன் எங்கள் செலவில் வெளிநாட்டுக்கு ஃபேக்ஸ் அனுப்பினால் பில்லைப் பார்த்து முதலாளி என்னைத்தான் கேட்பார்.

மே 13, வெள்ளி

தேர்தல் முடிவு. எல்லோரும் தொலைக்காட்சி முன்னால். யாரும் தொந்தரவு செய்யவில்லை. நிப்பட்டைக் கொறித்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

அக்கா மட்டும் வந்து, அரசு அலுவலகம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தைத் தமிழிலேயே அஞ்சலில் தட்டி அனுப்பிப் பார்த்தார். பழைய இயந்திரத்தைப் பெறும் முனையாக வைத்திருந்தோம். வெளியே வந்த தாளில் தமிழ் இல்லை. கோடு போட்ட ஏ-க்களும் விசித்திரக் குறிகளும்தான். ஃபேக்ஸ்மெயிலுக்கு லத்தீன் எழுத்தைத் தவிர எதுவும் தெரியாது. "இதைப் படித்தால் சாபம் என்று நினைப்பார்கள்" என்றார் அக்கா.

ஆகவே தமிழ்க் கடிதம் பிடிஎஃப் இணைப்பாகத்தான் போக வேண்டும். இணைப்பை போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழிக்கு மாற்றித் தர நான்கு வரி ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி வைத்தேன். அதன் பிறகு கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக்கிவிடும்.

மே 14, சனி

பிடிஎஃப் போனது. தாளும் வந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தார்: "மாமபழககூழ ஏறறுமதி."

புள்ளிகளைக் காணோம்!

ஃபேக்ஸ் பக்கத்தில் குறுக்கே 1728 புள்ளிகள். அகலத்தில் அங்குலத்துக்கு 204 என்று நெருக்கமாகவே இருக்கும். ஆனால் சாதாரண தரத்தில் உயரத்தில் அங்குலத்துக்கு 98 கோடுகள்தான். ஆங்கிலக் கடிதத்துக்கு அது போதும். பத்துப் புள்ளி அளவில் அச்சான தமிழில், எழுத்தின் தலையில் உட்காரும் புள்ளி இரண்டு கோடுகளுக்கு இடையில் விழுந்தால் போய்விடுகிறது. விழாவிட்டால் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மெய்யெல்லாம் உயிர்மெய் ஆகிவிட்டன. தப்பிய ஓரிரு புள்ளிகளும் கொசு உட்கார்ந்ததுபோல ஒரு பக்கமாக இழுபட்டிருந்தன.

அமைப்புக் கோப்பில் 196 என்று மாற்றினேன். எழுத்தையும் பன்னிரண்டு அளவுக்கு ஏற்றினோம். பக்கம் போக ஏறக்குறைய இருமடங்கு நேரம் ஆகிறது; ஆகட்டும். அக்கா மறுபடி வாசித்தார். "மாம்பழக்கூழ் ஏற்றுமதி." தரச்சான்றில் இருக்கும், கூழின் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவுகளும் இப்போது தெளிவு, 14 என்பது 11 போலத் தெரியவில்லை.

மே 17, செவ்வாய்

காலை 11.40-க்கு சென்னைக் கப்பல் முகவருக்கு ஒரு ஃபேக்ஸ். எண் ஓயாமல் பிஸி. 12 மணிக்கு மின்வெட்டு. யுபிஎஸ் அரை மணி நேரம் தாங்கியது. மூன்று மணிக்கு மின்சாரம் வந்து, கணினி எழுந்து, முதல் வேலையாக அந்த ஃபேக்ஸைத் தூக்கி எறிந்துவிட்டது.

ஹைலாஃபேக்ஸ் ஒவ்வொரு ஃபேக்ஸுக்கும் ஆயுள் எழுதி வைக்கிறது. சொல்லாவிட்டால் மூன்று மணி நேரம். இதை எழுதியவர்கள் கிருஷ்ணகிரியில் இருந்ததில்லை. ஒரு நாள் என்று மாற்றினேன். முதலாளியிடம் திட்டு வாங்கியது தனிக் கதை.

மே 20, வெள்ளி

ஜப்பானுக்கு மூன்று முறை முயன்றும் போகவில்லை. பதிவேட்டைத் திறந்தேன். இந்த உரையாடலைப் படிப்பதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. எதிர் இயந்திரம் தன் திறமைகளைச் சொல்கிறது. எங்களுடையது "வினாடிக்கு 14400 பிட் வேகத்தில் பேசலாம்" என்கிறது. பிறகு ஒன்றரை வினாடி வெறும் பூஜ்யங்களை அனுப்பிக் காட்டுகிறது. அவை கறைபடாமல் போய்ச் சேர்ந்தால் பக்கம் தொடங்கும். இல்லாவிட்டால் 12000, 9600 என்று ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியதுதான். எங்கள் மோடம் 2400 வரை இறங்கிவிட்டு, கையை விரித்திருக்கிறது.

அக்கா எட்டிப் பார்த்தார். "சத்தத்தைக் கேட்காமல் எப்படித் தெரியும்? இந்தப் பெட்டி ஏன் ஊமையாக இருக்கிறது?"

ஊமையாக்கியது நான்தான். ஸ்பீக்கர் ஒலி என்ற வரியில் "ஆஃப்" என்று எழுதியிருந்தேன். "மீடியம்" என்று மாற்றி மறுபடி அனுப்பினேன். எண் சுழன்றது, மணி அடித்தது. அக்கா கையைத் தூக்கினார்.

"கரகரப்பு எதிர்முனையில் இல்லை. எண் போடும் முன்பே இருக்கிறது. நம் கம்பிதான்."

கம்பியைத் தொடர்ந்து போனோம். பாய்லர் அறைக்குப் பின்னால் இணைப்புப் பெட்டி, மூடி இல்லை, செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. சுரண்டி முறுக்கி டேப் சுற்றினேன். 14400-இல் முதல் முயற்சியிலேயே போனது.

மே 24, செவ்வாய்

ஆறு ஃபேக்ஸ், ஆறும் போயின. ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிர் இயந்திரம் "பெற்றுக்கொண்டேன்" என்று பதில் சொன்ன பிறகே, அனுப்பியவருக்கு அஞ்சல் வருகிறது. அதை அக்காவிடம் காட்டினேன்: யார் சொல்வார் என்று கேட்டீர்களே, இதோ. தலையாட்டிவிட்டு, அஞ்சலை அச்செடுத்து, நேரத்தைப் பேனாவால் எழுதி, பழைய கோப்பில் குத்தி வைத்தார்.

உள்ளே வரும் ஃபேக்ஸ்களும் இப்போது அவர் அஞ்சல் பெட்டிக்கு வருகின்றன. அவற்றையும் அச்செடுக்கிறார்.

மே 26, வியாழன்

மாலை நான்கரைக்கு மேற்கே கறுத்தது. முதல் இடி கேட்டதும் அக்கா எழுந்து போய், மோடத்தின் தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டார். இரண்டு வருடம் முன்பு இப்படி ஒரு கோடை மழையில்தான் பழைய இயந்திரத்தின் பலகை கருகியதாம். மின்னல் தடுப்பான் ஒன்று வாங்கச் சொல்லி முதலாளிக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன்.

வரிசையில் நான்கு ஃபேக்ஸ் நிற்கின்றன. மழை விட்டதும் செருகுவதாகச் சொல்லியிருக்கிறார்.