சிவப்பா, வெள்ளையா? ரோமானியச் சிப்பாயின் அங்கி

சினிமாவில் ரோமானியப் படை என்றாலே சிவப்புதான். வரலாற்று வேடம் கட்டும் குழுக்களிலும் ஒரு பட்டியல் சுற்றுகிறது: சாதாரண வீரனுக்குச் சிவப்பு அங்கி, நூற்றுவர் தலைவனுக்கு வெள்ளை, கடற்படைக்காரனுக்கு நீலம். இதில் பெரும்பகுதி ஊகம். அங்கியின் நிறத்தைப் பார்த்துப் பதவியைச் சொல்வது நம் காலத்துச் சீருடைப் பழக்கம். அதைக் கொண்டுபோய் அவர்கள் மேல் போர்த்துகிறோம்.

கையில் இருக்கும் நல்ல சான்று எகிப்திலிருந்து வந்த ஒரு பாப்பிரஸ், அதாவது நாணல் தாளில் எழுதிய ஆவணம். கி.பி. 138-இல் அங்கிருந்த ஃபிலடெல்ஃபியா என்ற ஊர் நெசவாளர்களுக்குப் போன ஆர்டர் அது. துணி, இன்றைய துருக்கியில் உள்ள கப்படோக்கியாவில் இருந்த படைக்கு. இடுப்பில் வார் கட்டி உடுத்தும் வெள்ளை அங்கி ஒன்று. நீளம் 3½ முழம், அகலம் 3 முழம் 4 விரற்கடை, எடை 3¾ மினா (அந்தக் கால எடையளவு), முன்பணம் 24 டிராக்மா (வெள்ளிக்காசு). கூடவே நான்கு வெள்ளை மேற்போர்வைகள், மருத்துவமனைக்கு ஒரு வெள்ளைக் கம்பளம். நூல் மென்மையாக, தூய வெண்மையாக, அழுக்கில்லாமல் இருக்க வேண்டும். நெசவு இறுக்கமாக, ஓரம் ஒழுங்காக முடிந்திருக்க வேண்டும்.

ரோமானிய முழம் 44 செ.மீ. சொச்சம். ஆக, அங்கி சுமார் 155 × 140 செ.மீ., எடை ஏறக்குறைய 1.6 கிலோ. இன்று தைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்: சட்டை மாதிரி உடம்பளவுக்கு வெட்டி, கை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். 140 செ.மீ. அகலம் இருந்தால் துணி தோளைத் தாண்டித் தானாகவே முழங்கை வரை தொங்கும். தனிக் கை வேண்டாம். மிச்ச நீளத்தை வாருக்கு மேலே இழுத்துத் தொங்கவிட வேண்டும்.

வெள்ளை ஏன்? காசுதான். கி.பி. 81-ஆம் ஆண்டுச் சம்பளக் கணக்கு ஒன்றில், ஒரு சிப்பாயின் முதல் தவணையான 248 டிராக்மாவில் துணிக்கென்று 60 பிடித்திருக்கிறார்கள். அதே ஆண்டின் மூன்றாம் தவணையில் 146. தன் சம்பளத்தில் போகும் துணிக்குச் சாயக்கூலியும் சேர்த்துக் கொடுக்க எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள்? சிரியாவில் உள்ள துரா-யூரோப்போஸ் என்ற பழைய ஊரின் கோயில் சுவரோவியத்திலும் சிப்பாய்கள் வெள்ளை அங்கியும் பழுப்புப் போர்வையுமாக நிற்கிறார்கள். சிவப்பாக இருப்பது கொடி.

சிவப்புக் கட்சிக்கும் சாட்சிகள் உண்டு. சிவப்பு, பிள்ளைகளுக்கும் சிப்பாய்களுக்கும் பிடித்த நிறம் என்கிறார் ரோமானியக் கவிஞர் மார்ஷியல். ஆனால் அவர் பேசுவது மேற்போர்வையைப் பற்றி. அதுவும் "பிடிக்கும்" என்கிறாரே தவிர, "கொடுத்தார்கள்" என்று சொல்லவில்லை. ரத்தக்கறை தெரியாமலிருக்கச் சிவப்பு உடுத்தார்கள் என்பது 7-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு ஆயர் இசிடோர் எழுதிவைத்தது. ஸ்பார்ட்டாக்காரர்கள் தொடங்கிய வழக்கம் என்றும் சொல்கிறார். காய்ந்த ரத்தம் கறுப்பாக அப்பிக்கொள்ளும். சிவப்புக் கம்பளித் துணியில் அது எப்படி மறையும்?

சாயத்தையே போட்டுப் பார்த்தால் இன்னும் தெளியும். மலிவான சிவப்பு, மேடர் என்ற செடியின் வேரிலிருந்து வந்தது. நம் சித்த மருந்துக்கடை மஞ்சிட்டிக்கு அது உறவு. சோழமண்டலக் கரைச் சாயக்காரர்களின் சாயவேரிலும் சிவப்பைத் தருவது அதே அலிசரின் என்ற சாயப்பொருள். 1.6 கிலோ கம்பளிக்குப் படிகாரம் 240 கிராம் கரைத்து, மெல்லிய சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட வேண்டும். வேர்ப்பொடி, துணியின் எடைக்குச் சமம். இரவு ஊறவைத்து, மறுநாள் மெதுவாகச் சூடேற்றி 60–70 டிகிரியில் ஒரு மணி நேரம். கொதித்துவிட்டால் வேரிலுள்ள பழுப்பு இறங்கிவிடும். இரும்புப் பானை என்றால் நிறம் மங்கும். எல்லாம் சரியாக வந்தாலும் கிடைப்பது செங்கல் சிவப்பு. பானைக்குப் பானை மாறும், வெயிலில் வெளுக்கும். எண்பது பேர் ஒரே சிவப்பில் அணிவகுப்பது சினிமாவில் மட்டும்தான் நடக்கும்.

நிறம் பேசிய இடங்கள் வேறு. அங்கியில் தோளிலிருந்து இறங்கும் ஊதாக் கோடு அகலமானால் செனட்டர் குலம், ஒடுங்கினால் அதற்கடுத்த குதிரைவீரர் வகுப்பு. தளபதியின் போர்வை ஊதா, கி.மு. 53-இல் பார்த்தியர்களோடு நடந்த கார்ஹே போரன்று ரோமானியத் தளபதி கிராஸஸ் கறுப்புப் போர்வையில் வந்து நின்றதை அபசகுனமாகவே எழுதிவைத்தார்கள். கிரேக்கத்தின் பிலிப்பி போர்க்களத்தில், கி.மு. 42-இல், போருக்கு அறிகுறியாகப் பாசறைகளின் முன் தொங்கவிட்டது ஒரு சிவப்பு அங்கி. கடற்படை நீலத்துக்கும் ஆதாரம் ஒன்று உண்டு, ஆனால் வேவுப் படகுக்காரர்களுக்கு மட்டும்: பாயும் உடையும் அலை நிறத்தில் இருந்தால் எதிரிக்குத் தெரியாது என்கிறார் ரோமானியப் போர்க்கலை நூலாசிரியர் வெஜீஷியஸ்.

சிப்பாயைக் காட்டிக்கொடுத்தது நிறமல்ல, வாரும் நீளமும். அங்கி முழங்காலுக்கு வெகு கீழே போனால் பெண்கள் உடை, மேலே ஏறினால் நூற்றுவர் தலைவன் உடை என்கிறார் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன். பேரரசர் அகஸ்டஸ், தவறு செய்த நூற்றுவர் தலைவர்களை அவமானப்படுத்திய விதமும் இதுதான்: வாரைக் கழற்றச் சொல்லி, வெறும் அங்கியோடு தலைமைக் கூடாரத்தின் முன் நாள் முழுக்க நிற்கவைத்தார். இழுத்துத் தொங்கவிட்ட துணியெல்லாம் சரிந்து கீழே இறங்கியிருக்கும். போகிற வருகிற சிப்பாய்கள் பார்த்துக்கொண்டே போயிருப்பார்கள்.